அப்பாவுக்கு ஒரு ஜபலா

அப்பாவின் இடது தோள் போன ஆடி மாதத்திலிருந்து ஒத்துழைக்க மறுக்கிறது. கை முன்னால் வரும், பக்கவாட்டில் கொஞ்சம் வரும், தோள் மட்டத்துக்கு மேலே மட்டும் வராது. ‘ஃப்ரோசன் ஷோல்டர்’ என்றார் டாக்டர். சர்க்கரை உள்ளவர்களுக்கு இது கூடுதலாக வருமாம், சரியாக ஒன்றிரண்டு வருடம்கூட ஆகுமாம். சட்டைக்குப் பிரச்சினை இல்லை. முடியாத கையை முதலில் நுழைத்துவிட்டு முடிகிற கையைப் பிறகு நுழைத்தால் ஆயிற்று. கழற்றும்போது அதையே தலைகீழாக. ஆனால் தலைவழியாக மாட்டுகிற ஸ்வெட்டருக்கு இரண்டு கையையும் ஒரு நிமிஷமாவது தூக்கியாக வேண்டுமே.

நாங்கள் இருப்பது குன்னூர். ஊட்டியைவிடக் கிட்டத்தட்ட 400 மீட்டர் தாழ்வு என்பதால் அங்கே போலப் புல்வெளியெல்லாம் வெள்ளை பூக்காது. ஆனாலும் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் வீட்டுக்குள்ளேயே மூச்சு புகையாக வரும். ஐப்பசியில் ஏறுகிற கையில்லாத ஸ்வெட்டர் மாசி வரை அப்பாவின் உடம்பைவிட்டு இறங்காது. ஊட்டியில் பொட்டானிக்கல் கார்டன் பக்கம் திபெத்துக்காரர்கள் கடை வரிசையில் வாங்கிய ஒரு பழுப்பு ஸ்வெட்டர் பன்னிரண்டு வருஷமாக ஓடியது. தோள் மடங்கியபின் அதை மாட்டிவிட அம்மாவும் நானும் ஆளுக்கொரு பக்கம் நிற்க வேண்டியிருந்தது. மூன்றாவது நாள் அப்பா, “வேண்டாம் விடு கண்ணு, குளிரிட்டுப் போகட்டும்” என்று சொல்லிவிட்டார். முன்பக்கம் பட்டன் வைத்தது வாங்கலாம் என்றால் அது “ஸ்கூல் பையனாட்டம்” இருக்கிறதாம். எழுபத்து நாலு வயதில் இந்த மாதிரி விஷயத்தில்தான் பிடிவாதம் வரும் போல.

அப்போதுதான் குரோஷா ஊசியைத் தேடினேன்.

குரோஷா, அதாவது ஒற்றைக் கொக்கி ஊசியால் நூலைப் பின்னுகிற வேலை, எனக்குப் பள்ளியில் வந்தது. கான்வென்ட்டில் வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட் தையல் வகுப்பு. அங்கே ஒரு சிஸ்டர் சங்கிலி போடச் சொல்லிக்கொடுத்தார். கொக்கியால் இழுத்துப் போடுகிற ஒவ்வொரு நூல் சுருக்கும் ஒரு கண்ணி. சங்கிலி, டபுள் குரோஷா, டிரெபிள் என்று மூன்று வகைக் கண்ணியும் தெரிந்தால் மேஜைத் துண்டு, டிவி மேல் போடுகிற கவர், தண்ணீர்க் குடத்துக்கு மூடி என எதுவும் போடலாம். எங்கள் வீட்டில் எல்லாமே நான் போட்டதுதான். உடம்பில் மாட்டுகிற எதையும் அதுவரை போட்டதில்லை. டிவிக்கு அளவு எடுக்கவும் வேண்டியதில்லை, அது தொப்பை போடுவதும் இல்லை.

யோசித்ததில் வடிவம் சுலபமாகவே பிடிபட்டது. முன்பக்கம் ஒரு துண்டு, பின்பக்கம் ஒரு துண்டு. இரண்டையும் தோளில் மட்டும் சேர்ப்பது, விலாப் பக்கத்தைத் தைக்காமல் திறந்தே விடுவது. தலையை மட்டும் நுழைத்தால் போதும், துணி முன்னும் பின்னுமாக விழும். பிறகு இடுப்பருகே இரண்டு பக்கமும் கட்டிக்கொள்ளலாம். கை தொங்கியபடியே இருக்கலாம்.

இங்கேயே நிறுத்தி, வெறும் டிரெபிளில் நேராகப் போட்டிருந்தால் இரண்டு வாரத்தில் முடிந்திருக்கும். எனக்கு ஆசை விடவில்லை. பெல்ஜியத்துக்காரர்கள் சாப்பிடுகிற வாஃபிள் போலச் சதுரம் சதுரமாகக் குழி விழுகிற ஒரு பின்னல் உண்டு. பணியாரக் கல்லைச் சதுரமாக்கினால் எப்படி இருக்குமோ அப்படி. கையால் தடவினாலே கனமும் கதகதப்பும் தெரியும். அதுதான் வேண்டும் என்று முடிவெடுத்து, ஒரு வீடியோவைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

முதல் மாதிரித் துண்டு மிதியடி மாதிரி வந்தது. மாதிரி என்றுகூடச் சொல்ல வேண்டாம், மிதியடியேதான். கீழே வைத்தால் தானே நின்றது. வீடியோவில் அந்தப் பெண் போடுவது துவண்டு விழுகிறது, என்னுடையது விறைத்துக்கொண்டு நிற்கிறது. நூல் ஒன்றேதான், ஊசியும் அவள் சொன்ன அதே 8-ஆம் நம்பர். இரண்டு ராத்திரி மண்டையை உடைத்துக்கொண்டபின் புரிந்தது, தப்பு என் கையில் இல்லை, சிஸ்டர் சொல்லித்தந்த பாஷையில் இருக்கிறது என்று.

நான் படித்தது பிரிட்டிஷ் குரோஷா. வீடியோவில் இருப்பது அமெரிக்கக் குரோஷா. இரண்டு பேரும் ஒரே பெயரை வேறு வேறு கண்ணிக்கு வைத்திருக்கிறார்கள். பிரிட்டிஷ் கணக்கில் டபுள் குரோஷா என்றால் குட்டையான கண்ணி, அமெரிக்கக்காரர்களுக்கு அது சிங்கிள். அவர்கள் டபுள் என்பது நமக்கு டிரெபிள். இப்படி ஒவ்வொன்றும் ஒரு படி தள்ளி நிற்கிறது. அவள் ‘டபுள்’ என்றபோதெல்லாம் நான் சிஸ்டருக்குக் கீழ்ப்படிந்து குட்டைக் கண்ணியாகப் போட்டுக்கொண்டே போயிருக்கிறேன். ஊசி நம்பரிலும் இதே கூத்து. பழைய பிரிட்டிஷ் 8 என்பது 4 மில்லிமீட்டர், அமெரிக்க 8 என்பது 5 மில்லிமீட்டர். சிறிய ஊசியில் குட்டைக் கண்ணி போட்டால் மிதியடி வராமல் வேறென்ன வரும்? அன்றிலிருந்து நான் நம்பர் பார்ப்பதில்லை, மில்லிமீட்டர்தான். சொல்லையும் நம்புவதில்லை. கொக்கியில் எத்தனை தடவை நூலைச் சுற்றுகிறார்கள் என்று மட்டும் பார்ப்பேன்.

அந்தக் குழிப் பின்னல் எப்படி வருகிறது என்பதைச் சொல்லியே ஆக வேண்டும், எனக்கு அதில்தான் ஆச்சரியம். சாதாரணமாக ஒரு கண்ணி போடும்போது கீழ்வரிக் கண்ணியின் தலையில் கொக்கியை விடுவோம். இங்கே தலையை விட்டுவிட்டு உடம்பைப் பிடிக்கிறோம். கொக்கியில் ஒரு சுற்று நூல் சுற்றி, கீழ்வரிக் கண்ணியின் தண்டுக்கு வலது பக்கம் உள்ளே விட்டு, பின்புறமாகச் சுற்றி இடது பக்கம் வெளியே எடுத்து, நூலை இழுத்து டிரெபிளாக முடிக்க வேண்டும். இடுப்பில் பிடித்து இழுத்த குழந்தை மாதிரி அந்தக் கண்ணி மட்டும் முன்னால் புடைத்துக்கொண்டு வரும். ஒரு வரியில் ஒன்று புடைப்பு, இரண்டு சாதா. துணியைத் திருப்பிப் போடும் அடுத்த வரியில் இரண்டு புடைப்பு, ஒன்று சாதா. அந்தப் பக்கம் முன்னால் எழுப்பியது இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் பின்னால் தள்ளியதாக இருக்குமல்லவா? அதனால் ஒரு வரி நிற்கும் கோட்டைப் போடுகிறது, அடுத்த வரி படுக்கும் கோட்டைப் போடுகிறது. நாலு வரி போகும்வரை ஒன்றும் தெரியாது, வெறும் குளறுபடி. ஐந்தாவது வரியில் திடீரென்று சதுரங்கள் எழுந்து நிற்கும். அந்த ஐந்தாவது வரிக்காகவே இன்னொரு ஸ்வெட்டர் போடலாம்.

ஆனால் இந்தப் புடைப்பு சும்மா வருவதில்லை. இருபது கண்ணியைச் சாதாவாகப் போட்டு அளந்தபோது 15 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல். அதே நூல், அதே ஊசி, அதே இருபது கண்ணியைக் குழிப் பின்னலில் போட்டால் 14 தான். உயரத்திலும் அப்படித்தான், வரிக்கு வரி ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு குறுகிவிடுகிறது. அகலமாகவும் நீளமாகவும் போக வேண்டிய துணி தடிமனாகப் போய்விடுகிறது. புடவைக் கொசுவத்துக்கு உள்ள கணக்குதான்.

அப்பாவின் மார்பளவு 38 அங்குலம். உள்ளே சட்டை, பனியன், அவருடைய கௌரவம் எல்லாம் அடங்க 4 அங்குலம் சேர்த்து 42. பாதிக்கு 21, அதாவது 53 சென்டிமீட்டர் சொச்சம். பின்னல் மூன்றின் மடங்கில்தான் போகும் என்பதால் 75 கண்ணி. இந்த எண் இரண்டு மாதம் எனக்குக் கனவில் வந்தது. எங்கள் மலையிலேயே தோடர் பெண்கள் வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாகப் போடுகிற தையலுக்கு வரைபடம் ஏதும் கிடையாது. துணியின் இழையைக் கண்ணாலேயே எண்ணி எண்ணிப் போடுவார்கள். 2013-இல் புவிசார் குறியீடுகூட வந்தது. நான் 75-ஐ எண்ணுவதற்கே ஒவ்வொரு பத்துக்கும் ஒரு சேஃப்டி பின் குத்திவைத்துக்கொண்டேன்.

நூல் விஷயத்தில் அடுத்த அடி. அப்பாவுக்குக் கம்பளி பட்டால் கழுத்து அரிக்கும், ஆகவே அக்ரிலிக். பஜாரில் நூறு கிராம் பந்து நாலு வாங்கினேன், சாம்பல் கலந்த பச்சை. டீத் தோட்டத்தில் மூடுபனி இறங்கும்போது தெரிகிற பச்சை. பழைய ஸ்வெட்டரை நிறுத்துப் பார்த்துத்தான் 400 கிராம் என்று கணக்குப் போட்டிருந்தேன். அது மெஷினில் பின்னியது என்பதை மறந்துவிட்டேன். ஊசி இரண்டில் பின்னுகிற நிட்டிங்கைவிடக் குரோஷா கூடுதலாக நூல் தின்னும், அதிலும் புடைப்புப் பின்னல் இன்னும் தின்னும். பின்பக்கம் முடிந்தபோது மூன்று பந்து காலி.

மறுபடி கடைக்குப் போனால் அதே கம்பெனி, அதே கலர் நம்பர், ஆனால் லாட் நம்பர் வேறு. கடைக்காரர் இரண்டையும் டியூப்லைட்டுக்கு அடியில் வைத்து, “ஒண்ணுதான் மேடம், வித்தியாசமே தெரியாது” என்றார். வாசலுக்கு எடுத்துவந்து பார்த்தால் ஒன்று காலை மூடுபனி, இன்னொன்று சாயங்கால மூடுபனி. சாயம் ஒவ்வொரு தடவையும் தனித்தனிக் கொப்பரையில் போடுவது, கொஞ்சம் முன்னே பின்னேதான் இருக்கும். கடைசியில் முன்பக்கத்தில் இரண்டு வரி பழைய நூல், இரண்டு வரி புது நூல் என்று மாற்றி மாற்றிப் போட்டேன். இப்போது எங்கே எது என்று எனக்கே தெரியவில்லை. இடுப்புப் பட்டையும் கழுத்துப் பட்டையும் முழுக்கப் புது லாட். பட்டை என்றாலே கொஞ்சம் கலர் மாறலாம், யாரும் கேட்கமாட்டார்கள். மொத்தம் ஆறு பந்து, மிச்சம் ஒரு சின்ன உருண்டை.

நல்லவேளை, இன்னொரு பாடத்தை மாதிரித் துண்டோடு முடித்துக்கொண்டேன். ஓரம் சுருண்டுகொள்கிறதே என்று அந்தத் துண்டை இஸ்திரி போட்டேன். பருத்திக்குப் போடுகிற சூடு. அக்ரிலிக் பிளாஸ்டிக் வகை என்பது தெரியும்தான், அந்த நேரத்துக்கு ஞாபகம் வரவில்லை. பெட்டியை எடுத்துப் பார்த்தால் சதுரமெல்லாம் படுத்துவிட்டது. நூலின் துள்ளலே போய், ஊறிய அப்பளம் மாதிரி பளபளவென்று கிடந்தது. தண்ணீரில் நனைத்தேன், உதறினேன், ஒன்றும் எழவில்லை. கம்பளியானால் நனைத்து இழுத்து வடிவம் கொடுக்கலாம், மறுபடி நனைத்தால் பழையபடி வரும். அக்ரிலிக்கைச் சூடு ஒரு தடவை சாய்த்துவிட்டால் அதோடு சரி. அந்தத் துண்டு இப்போது டீ டம்ளருக்கு அடியில் இருக்கிறது.

ஒரு வரிக்கு எனக்குப் பன்னிரண்டு நிமிஷம் ஆனது. பின்பக்கத்துக்கு மட்டும் 63 வரி. ஆபீஸ் போகிற பஸ்ஸில் ஒரு வரி, திரும்பும்போது ஒரு வரி, ராத்திரி பாத்திரம் கழுவியபின் மூன்று வரி. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள்: “இதை வித்தா எவ்வளவு வரும்?” நூலுக்கே 700 ரூபாய் ஆகியிருந்தது. அவிழ்த்துப் போட்டதையும் சேர்த்தால் ஐம்பது மணி நேரத்துக்குக் குறையாது. மணிக்கு நூறு ரூபாய் வைத்தாலும் சொல்கிற விலைக்கு யார் வாங்குவார்கள்? நான் சிரித்துச் சமாளித்தேன்.

அந்தக் கேள்வி அவ்வளவு சிரிப்பானதும் இல்லை. நிட்டிங்குக்கு மெஷின் உண்டு, நாம் போடுகிற டீ-ஷர்ட்டே அப்படி வந்ததுதான். அசல் குரோஷாவுக்குக் கடைகளுக்குத் துணி தள்ளுகிற மெஷின் இன்றுவரை வரவில்லை. ஒவ்வொரு கண்ணியையும் முழுதாக முடித்துவிட்டு, கொக்கி அடுத்து எந்த ஓட்டைக்குள் போக வேண்டும் என்று ஒரு கை தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. ஆகவே பெரிய கடையில் 600 ரூபாய்க்குக் குரோஷா மேல்சட்டை தொங்கினால், அது அசல் குரோஷாவாக இருக்கும்பட்சத்தில், அதை ஒரு பெண் எங்கோ உட்கார்ந்து கையால் போட்டிருக்கிறாள், அவளுக்கு எவ்வளவு போயிருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1840-களில் அயர்லாந்தில் உருளைக்கிழங்கு அழுகிப் பஞ்சம் வந்தபோது வீடு வீடாகப் பெண்கள் குரோஷா லேஸ் போட்டுத்தான் அடுப்பு எரித்தார்கள். ஆந்திராவில் கோதாவரி டெல்டாவில் நரசாபுரம் பக்கம் பாதிரிமார் கொண்டுவந்த குரோஷா லேஸ் இன்றும் ஏற்றுமதியாகிறது. அந்தப் பெண்களை ஆராய்ந்த ஜெர்மன் சமூகவியலாளர் மரியா மீஸ் 1980-களின் தொடக்கத்தில் எழுதியதில் எனக்கு மறக்காத விஷயம் ஒன்று: நாள் முழுக்க லேஸ் போட்டாலும் அவர்களைத் தொழிலாளி என்று யாரும் கணக்கில் எடுக்கவில்லை, வீட்டில் சும்மா இருக்கிற பெண் ஓய்வு நேரத்தில் செய்வது என்றே எழுதிக்கொண்டார்கள். பஸ்ஸில் என் பக்கத்து ஸீட் அக்காவும், “பொழுது போகணுமில்ல” என்றுதான் முடித்தார்.

அவிழ்ப்பதைப் பற்றி. நிட்டிங்கில் அத்தனை கண்ணியும் ஊசியில் உயிரோடு இருக்கும், ஒன்று நழுவினால் ஏணி மாதிரி கீழே ஓடும். குரோஷாவில் உயிரோடு இருப்பது ஒரே ஒரு கண்ணிதான். கொக்கியை எடுத்துவிட்டு நூலை இழுத்தால் போதும், வேண்டிய இடம்வரை வரிவரியாகப் பிரிந்து வரும், மற்றதெல்லாம் அசையாமல் இருக்கும். வசதி என்றால் வசதி. பன்னிரண்டு நிமிஷ வரி பத்து விநாடியில் பிரிகிறதைப் பார்க்கத்தான் மனசு வேண்டும். இரண்டு தடவை அப்படிப் பிரித்தேன். மூன்றாவது தப்பு பின்பக்கத்தில் 31-ஆம் வரியில். புடைப்பை ஒரு கண்ணி தள்ளிப் போட்டதில் மூன்று சதுரம் மட்டும் ஒதுங்கி நிற்கிறது. அதைக் கண்டது 38-ஆம் வரியில். நூலைக் கையில் பிடித்தேன். அன்றைக்கு அம்மாவுக்குக் காய்ச்சல், குக்கர் மூன்று விசில் அடித்துவிட்டது. விட்டுவிட்டேன்.

கழுத்து வேலை பயந்த அளவுக்கு இல்லை. கைக்குழிக்கு இரண்டு பக்கமும் ஒன்பது ஒன்பது கண்ணி விட்டால் 57. நடுக்கண்ணியைத் தனியாக வைத்துவிட்டு ஒரு வரி விட்டு ஒரு வரி ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டே போனால் V கழுத்து, தோளுக்குப் பதினெட்டுப் பதினெட்டு மிச்சம். குறைக்கிற ஓரத்தில் மட்டும் புடைப்பு போடாமல் சாதாக் கண்ணியாகவே விட்டேன், இல்லாவிட்டால் ஓரம் நாய் கடித்த மாதிரி ஆகிறது.

பக்கத்துக்குப் பட்டன் வைக்கத்தான் நினைத்திருந்தேன். பட்டனும் வாங்கிவைத்தேன். ஒருநாள் காலையில் அப்பா சட்டைப் பட்டனோடு மல்லுக்கட்டுவதைக் கதவருகே நின்று பார்த்தபின், பட்டனை டப்பாவில் போட்டுவிட்டு நாலு ஜோடி நாடா பின்னினேன். நாடாவானால் அம்மா கட்டிவிடலாம்.

தை பிறந்து பத்து நாள் கழித்து மாட்டினோம். தலை சுலபமாக நுழைந்தது. கை இரண்டும் தொங்கியபடியே இருந்தன. அம்மா வலப்பக்கம் இரண்டு முடிச்சு, இடப்பக்கம் இரண்டு முடிச்சு போட்டார். அப்பா கண்ணாடியில் பார்த்துக்கொண்டு வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, “ஜபலா தைச்சிருக்கறயே கண்ணு எனக்கு” என்றார். அம்மா சிரித்த சிரிப்பில் முடிச்சு ஒன்று அவிழ்ந்துவிட்டது.

இரண்டு நாள் ஒழுங்காகப் போனது. மூன்றாம் நாள் அம்மா என்னைக் கூப்பிட்டு ஸ்வெட்டரை உதறிக் காட்டினார். பொலபொலவென்று உதிர்ந்தது வர்க்கி பிஸ்கட் தூள். அப்பாவுக்குக் காலை டீயோடு இரண்டு வர்க்கி இல்லாமல் ஆகாது. வர்க்கி கடித்தால் தூள் உதிராமல் இருக்காது. சாதா ஸ்வெட்டரானால் தட்டிவிட்டால் போகும். என் சதுரக் குழி ஒவ்வொன்றும் ஒரு துளியைப் பத்திரமாகப் பிடித்துவைத்திருந்தது. “எறும்பு வரும்” என்றார் அம்மா. ஐம்பது மணி நேரம் உட்கார்ந்து நான் எறும்புக்குத் தட்டு பின்னியிருக்கிறேன்.

நாலாம் நாள் காலை அப்பா அதை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் போட்டுக்கொண்டு வந்தார். நாடாவானதால் எந்தப் பக்கமும் கட்டலாம். பின்புறம் அவ்வளவாக மேடு பள்ளம் கிடையாது, மெல்லிய கோடுகள் மட்டும். 31-ஆம் வரித் தப்பும் அதில் தெரியவில்லை. நான் ஏதாவது சொல்வேன் என்று அவரே முந்திக்கொண்டு, “குழி உள்ளே இருந்தாத்தான் சூடு நிக்குது, போட்டுப் பாரு” என்றார். யோசித்தால் அதுவும் சரிதான், அந்தக் குழிகளில் நிற்கிற காற்றுதானே குளிரைத் தடுக்கிறது. மெத்தென்று புடைத்த பக்கம் சட்டைமேல் ஒட்டிக்கொண்டு இருப்பது அவருக்குப் பிடித்திருக்கிறது.

அப்படியேதான் தினமும் டீக்கடைக்குப் போகிறார். போன வாரம் நானும் கூடப் போயிருந்தேன். டீயை நீட்டிய கடைக்காரர் தணிந்த குரலில், “சார், ஸ்வெட்டரை உள்வெளியா போட்டுட்டு வந்துட்டீங்க” என்றார்.

“தெரிஞ்சுதான்” என்று சொல்லிவிட்டு அப்பா வர்க்கியை டீயில் நனைத்தார்.